‘குடுக்க மாட்டேன்’ என்று சொல்லும் மீன் கடை

கடலூர் – புதுச்சேரி தடத்தில் ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் நான் நடத்துனர். ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பதினெட்டு வருடமாக இதே ரோட்டில் போய் வந்ததில், யாரை யார் பக்கத்தில் விடக் கூடாது என்பது எனக்கு அத்துப்படி. புதுச்சேரியில் ‘ஏற்றிக்கொண்டு’ வருகிற ஆளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கம் விடமாட்டேன். மீன்கூடைக்கார அம்மாவைக் கல்யாணத்துக்குப் போகிற பட்டுப்புடவைகளுக்கு நடுவில் நிறுத்த மாட்டேன். இவ்வளவு விவரம் தெரிந்த நான்தான், கோல்டு ஃபிஷ்ஷையும் ஆமையையும் சண்டை மீனையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் ஏற்றி ரைட் கொடுத்தேன்.

இது கடலூர் திருப்பாப்புலியூரில் இருக்கும் ஒரு சின்ன வளர்ப்பு மீன் கடையைப் பற்றிய விமர்சனம். அதற்கு முன்னால் இன்னொரு கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது புதுச்சேரியில் இருக்கிறது, பெயர் வேண்டாம்.

2024 ஜூன் மாதம், ஆறாவது படிக்கும் என் மகளுக்குப் பிறந்தநாள். மதிய நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து அந்தக் கடைக்குப் போனேன். குளிர்சாதன வசதி, நீல விளக்கு, சுவர் முழுக்கத் தொட்டிகள். விற்கிற தம்பி நல்ல வாய்ப்பேச்சுக்காரன். “பாப்பாவுக்கா சார்? கலர்கலரா போட்டுத் தரேன்” என்றான். “எல்லாம் ஒண்ணா இருக்குமா?” என்று நான் கேட்டேன். கேட்கவில்லை என்று என் மனைவி இன்றுவரை சாதிக்கிறாள், அதனால் இங்கே பதிவு செய்கிறேன். “எல்லாம் ஃப்ரெண்ட்லி சார், சின்னதுலேர்ந்தே பழகினா பழகிக்கும்” என்றான்.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் 56 லிட்டர் சொச்சம் பிடிக்கும். அடியில் கல் பரப்பி, மேலே மூன்று விரல்கடை விட்டால் 45 லிட்டர்தான் தேறும். இரண்டு பெரிய தண்ணீர் கேனைச் சேர்த்தால் வருகிற அளவைவிடக் கொஞ்சம் கூட. அதற்குள் கோல்டு ஃபிஷ் இரண்டு, டைகர் பார்ப் நான்கு, கப்பி ஆறு, ஃபைட்டர் என்கிற சண்டை மீனில் ஆண் ஒன்று, ‘தொட்டியைச் சுத்தம் பண்ணும்’ என்று ஒரு சக்கர் மீன், அப்புறம் ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டோடு இரண்டு ஆமைக்குஞ்சுகள். கவர்களை என் சீட்டுக்கு அடியில் வைத்துக் கடலூர்வரை அலுங்காமல் கொண்டுவந்தேன். மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு, “பதினாறு. பெருவாழ்வுதான்” என்றாள்.

முதல் ராத்திரியே ஃபைட்டரின் வால் போயிற்று. காலையில் பார்த்தால் முறத்தைக் கரையான் தின்ற மாதிரி ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. நான்கு டைகர் பார்ப்பும் அதன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் கப்பி நான்குதான் இருந்தது. மிச்சம் இரண்டைத் தொட்டிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் தேடினோம். ஐந்தாம் நாள் தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரி ஆகி, கோல்டு ஃபிஷ் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. நான் என்ன செய்தேன்? ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுத்து, தொட்டியை முழுக்கக் காலி செய்து, கல், ஃபில்டர், பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, பளபளவென்று வைத்தேன். மறுநாள் இரண்டு கப்பியும் ஃபைட்டரும் மிதந்தன. அடுத்த வாரம் ஒரு கோல்டு ஃபிஷ்ஷின் வாலை ஆமை கடித்து எடுத்தது. அதே மீனின் விலாவில் இரவில் சக்கர் ஒட்டிக்கொண்டு கிடந்ததை என் மகள்தான் டார்ச் அடித்துக் காட்டினாள். உரித்த இடம்போல் வெள்ளையாக ஒரு திட்டு. அது இரண்டு நாள் தாங்கியது.

மூன்று வாரத்தில் மிச்சம் ஒரு கோல்டு ஃபிஷ், இரண்டு பார்ப், சக்கர், இரண்டு ஆமை. அந்தக் கடைக்கு மறுபடி போனேன். “தண்ணி ஒத்துக்கல சார், இந்த மருந்து ஊத்துங்க” என்று நீலக் கலரில் ஒரு பாட்டிலும், ‘போனதுக்கு பதிலா’ என்று இன்னும் ஆறு மீனும் நீட்டினான். பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை நடையில் தவளக்குப்பத்தில் ஏறிய ஒரு கல்லூரிப் பையன் மடியில் காற்று நிரப்பிய கவர் வைத்திருந்தான். உள்ளே நாலைந்து சின்ன மீன். எங்கே வாங்கியது என்று கேட்டேன். “வாங்கல அண்ணா, குடுக்கப் போறேன். திருப்பாப்புலியூர்ல ஒரு அக்கா இருக்காங்க, குஞ்சு போட்டா எடுத்துப்பாங்க” என்றான். அப்படித்தான் வழி தெரிந்தது.

கடை ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சந்தில். பெயர்ப்பலகை கிடையாது. மீன் தொட்டி அக்கா கடை என்று கேட்டால் காட்டுவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். குளிர்சாதனம் எல்லாம் இல்லை, ஒரு மின்விசிறி. முன்பக்கம் பதினான்கு கண்ணாடித் தொட்டி, பின்பக்கம் முற்றத்தில் நான்கு சிமெண்ட் தொட்டி, வெயிலுக்குப் பச்சைத் துணி. முதல் பார்வைக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்தப் புதுச்சேரிக் கடையின் மினுமினுப்புக்கு இது கால்தூசி பெறாது. ஆனால் ஒன்று கவனித்தேன்: பதினான்கு தொட்டியிலும் செத்த மீன் ஒன்றுகூட இல்லை. நீலக் கடையில் மூலைக்கு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. அப்போது எனக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து இருக்கலாம். நான் “நல்ல மீனா நாலு குடுங்கக்கா” என்றதும் அவர் மீன் பக்கமே திரும்பவில்லை.

“தொட்டி எத்தன அடி?”

சொன்னேன்.

“உள்ள இப்ப என்னென்ன இருக்கு?”

சொன்னேன். ஆமை என்றதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

“குடுக்க மாட்டேன் தம்பி. நாளைக்கி வரும்போது அந்தத் தண்ணிய ஒரு பாட்டில்ல எடுத்துட்டு வா.”

இருபது வருடமாகக் கடையில் பொருள் வாங்குகிறேன். காசு நீட்டியும் ‘மாட்டேன்’ என்று கேட்டது ரேஷன் கடையில் மட்டும்தான். கோபம் வந்தது, உண்மை. மறுநாள் பாட்டிலோடு போனேன்.

ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் என் தொட்டித் தண்ணீரை ஊற்றி, இரண்டு மருந்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு ஆட்டினார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சை ஆனது. அம்மோனியா. அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி. மீன் தின்றதை வெறும் கழிவாக மட்டும் விடுவதில்லை, செவுள் வழியாகவே அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். ஆற்றில் அது அடித்துப் போய்விடும், தொட்டியில் அங்கேயே நிற்கும். அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேற வேண்டும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தக் குடியேற்றம் முடிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் ஐந்தாம் நாளே பஞ்சைத் தேய்த்துக் கழுவி மொத்தக் குடும்பத்தையும் சாக்கடையில் விட்டிருக்கிறேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் வேறு மிச்சத்தைக் கொன்றிருக்கும்.

“நம்மூரு தண்ணி உப்பு, காரம் ஜாஸ்தி. வெயிலும் ஜாஸ்தி. காரமும் சூடும் ஏற ஏற அதே அம்மோனியா இன்னும் கொடூரமாயிடும்” என்றார். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பார்த்தார், எட்டுக்கு மேல் காட்டியது. கடற்கரை ஊரில் போர் போட்டுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு இது ஆச்சரியம் இல்லை.

அன்றைக்கும் அவர் மீன் தரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தன் தொட்டி ஒன்றிலிருந்து அழுக்குப் பிடித்த பழைய பஞ்சைக் கத்தரிக்கோலால் பாதி வெட்டி, ஈரம் காயாமல் கவரில் போட்டுக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. “உறை மோரு மாதிரி” என்றார். அதை என் ஃபில்டருக்குள் சொருகிய பிறகு இரண்டே வாரத்தில் குழாயில் மஞ்சள் வந்தது.

யார் யாரோடு இருக்கலாம் என்ற பாடம் அதற்கு அப்புறம், நாலைந்து தவணையில் நடந்தது. அவர் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை. இன்னொரு வாடிக்கையாளரைத் திட்டும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் ஏஞ்சலும் நியான் டெட்ராவும் சேர்த்துக் கேட்டார். “ஏஞ்சல் இப்ப ஒரு ரூபா சைஸ். ஆறு மாசத்துல உள்ளங்கை. நியான் அதுக்கு முறுக்கு” என்றார். வாய்க்குள் போகிற அளவு எதுவானாலும் தீனிதான், அதில் நல்ல மீன் கெட்ட மீன் என்று இல்லை. நியானை அவர் வாங்கி வைப்பதே இல்லை. அது மென்தண்ணீர் மீன்; சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வந்து இறங்கும்போது அழகாக இருக்கும், நம் தண்ணீரில் வாடிவிடும் என்கிறார். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் காரத் தண்ணீர் பிடிக்கும். மோலிக்கு உப்பேகூடக் கொஞ்சம் இருந்தால் கொண்டாட்டம். ‘தண்ணிக்கு மீன் வாங்கு, மீனுக்குத் தண்ணி செய்யாத’ என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து நியான் வளர்க்கிறார்கள், அதுவும் தெரியும். என் சம்பளத்துக்கு அக்கா கட்சிதான்.

என் பதினாறு பேரை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியபோது, நானே சீட்டு ஒதுக்கத் தெரியாமல் ஏற்றியிருக்கிறேன் என்பது புரிந்தது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் ஆள். சீனாவில் கெண்டை ஜாதியிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தது. இருபது டிகிரி சொச்சத்தில் சுகமாக இருக்கும். ஃபைட்டருக்கு இருபத்தாறு, இருபத்தெட்டு வேண்டும். கடலூரில் சித்திரையில் என் தொட்டி 32 காட்டுகிறது, அது வேறு வழக்கு. கோல்டு ஃபிஷ் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம், ஒற்றை வால் ஜாதி ஓரடிவரைகூட வளரும். இரண்டடித் தொட்டியில் இரண்டு என்பதே கூட்டம், கூடவே பதினான்கு பேர். டைகர் பார்ப் கூட்டத்து மீன். எட்டு, பத்து என்று இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு கிடக்கும். நான்கை விட்டால் வெளியாளைப் பிடித்துக்கொள்ளும். நீள வால் எதைப் பார்த்தாலும் வாய் நமநமக்கும். ஃபைட்டர், கப்பி, ஏஞ்சல் மூன்றும் அதன் பக்கத்தில் இருக்கவே கூடாது.

ஃபைட்டரைச் சின்ன பாட்டிலில் வைத்து விற்கிறார்களே, அப்படியானால் அதற்கு இடம் தேவையில்லையா என்று கேட்டேன். அது மேலே வந்து காற்றை நேராக மூச்சு விடும், தலைக்குள் அதற்கென்று ஓர் உறுப்பு இருக்கிறது; அதனால் பாட்டிலில் சாகாமல் இருக்கும், அவ்வளவுதான் என்றார். “பஸ் டாப்புலகூட ஆளு உசுரோட ஊர் போய்ச் சேரும் தம்பி.” நம் வயல் வாய்க்காலில் கிடக்கிற பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்புதான். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர், அந்த மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்ததாக 1797இல் வெளியான ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். இது அக்கா சொன்னதில்லை, என் மகள் பள்ளித் திட்டப்பணிக்காகத் தேடிப் பிடித்தது. பனையில் ஏறியதோ இல்லையோ, பாகூர் பக்கத்திலிருந்து ஒரு பயணி கொடுத்த பனையேறி எங்கள் வாளியிலிருந்து குதித்து வாசல்வரை போனது நிஜம்.

சக்கர் மீனைப் பற்றிக் கேட்டால் அக்காவுக்குக் கோபமே வந்துவிடும். அது தொட்டியைக் கழுவாது. பாசியைக் கொஞ்சம் சுரண்டும், எல்லா மீனையும்விட அதிகமாகக் கழியும், பசித்தால் அகலமான மீனின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். தென் அமெரிக்க மீன். ஒன்றரை அடி வளரும். வளர்ந்ததும் ஆட்கள் ஏரியில் விட்டுவிடுகிறார்கள், அது அங்கே பெருகி வலையைக் கிழிக்கிறது. “கெடிலம் ஆத்துல விட்டேன்னு யாராச்சும் சொன்னா அப்புறம் என் கடைப்பக்கம் வரக்கூடாது” என்றார். என்னுடையதைச் சிமெண்ட் தொட்டியில் எடுத்துக்கொண்டார். கோல்டு ஃபிஷ்ஷையும் பார்ப் இரண்டையும்கூட எடுத்துக்கொண்டார். கழிவுக்குக் காசெல்லாம் இல்லை, இலவசமாக எடுத்துக்கொண்டதே பெரிது.

ஆமையை மட்டும் தொடவே இல்லை. “அது நீ பெத்த பிள்ள.” கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள அமெரிக்க ஆமை. முப்பது வருடம்கூட வாழும், சோற்றுத்தட்டு அளவுக்கு ஓடு வளரும். அது மீனோடு இருக்கிற பிராணி இல்லை, மீனைத் தின்கிற பிராணி. ஏறி உட்கார்ந்து வெயில் காயக் காய்ந்த இடம் வேண்டும், இல்லாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். இன்னொன்றும் சொன்னார்: அதைத் தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வயிற்றுப்போக்கு வரவைக்கும் சால்மோனெல்லா கிருமி அதன்மேல் இருக்கும். குழந்தைகள் வாயில் வைத்து நோய் வந்ததால், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமையை விற்கக் கூடாது என்று அமெரிக்காவிலேயே 1975இல் தடை போட்டார்கள். அங்கே விற்க முடியாத அளவில் இங்கே பிறந்தநாள் பரிசாக வாங்கியிருக்கிறேன். நம்மூர் ஆமையாவது வளர்க்கலாமா என்று மகள் கேட்டாள். நட்சத்திர ஆமையை வைத்திருந்தால் 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். இப்போது ஆமை இரண்டும் மாடியில் பழைய தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்ததில், நடுவில் செங்கல் அடுக்கி, மேலே வலை கட்டி இருக்கின்றன. காக்கைத் தொல்லை தனிக்கதை.

சரி, வாங்கினதைச் சொல்கிறேன். அதே இரண்டடித் தொட்டிக்கு அவர் ஒப்புக்கொண்டது: பிளாட்டி ஐந்து, அதில் ஆண் ஒன்றுதான், அடித்தளத்துக்கு கோரி பூனைமீன் ஆறு. “ஆம்பள ஜாஸ்தியானா பொம்பளைய விரட்டியே கொன்னுடும்” என்று அந்த ஒற்றை ஆணுக்கு ஒரு விளக்கம். பிளாட்டி மேலும் நடுவிலும் திரியும், கோரி தரையைக் கிளறும், இரண்டும் ஒன்றின் வாயில் ஒன்று நுழையாது, இரண்டுக்கும் ஒரே சூடு. கல்லை எடுத்துவிட்டு மணல் போடச் சொன்னார், கூரான கல் கோரியின் மீசையைத் தேய்த்துவிடுமாம். கடையில் கிடைக்கும் மணலை விற்கவில்லை, “ஆத்து மணல் நல்லா அலசிப் போடு, கடல் மணல் போடாத” என்றார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சும்மா கிடக்கிறதே என்று நான் நினைத்திருந்ததை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. பிளாட்டி ஜோடி 50 ரூபாய், கோரி ஒன்று 60, ஸ்பாஞ்ச் ஃபில்டர் 180. புதுச்சேரியைவிட மீனுக்கு ஐந்து பத்து கூட. பேரம் கிடையாது.

இனி குறைகள். இருக்கின்றன.

முதலில், அந்த பிளாட்டிகளோடு வெள்ளைப்புள்ளி நோயும் வந்தது. எட்டாம் நாள் வாலெல்லாம் ரவையைத் தூவியது மாதிரி. போய்ச் சொன்னேன். “என் தொட்டில இல்லவே இல்ல” என்று ஒரே சாதிப்பு. தொட்டியைக் காட்டச் சொன்னேன், காட்டினார், அங்கேயும் ஒன்றிரண்டு புள்ளி இருந்தது. மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. “புதுசா வாங்கினத ரெண்டு வாரம் தனி வாளில வச்சியா? வைக்கல இல்ல?” என்று என்மேலேயே திருப்பினார். வைக்கச் சொல்லி அவரும் சொல்லவில்லை. மருந்தை வாங்கின விலைக்கே கொடுத்தார், செத்த இரண்டு பிளாட்டிக்கு மாற்று தரவில்லை. இது எனக்கு இன்றும் மனத்தாங்கல். ஆனால் மருந்து போடுகிற முறையை ஒழுங்காகச் சொன்னார் என்பதையும் சொல்ல வேண்டும். மீன்மேல் இருக்கும் புள்ளியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, அடியில் போய்ப் பலவாகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடி நீந்துகிற சமயத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் நிறுத்தக் கூடாது. கோரி இருப்பதால் கல்லுப்பு வேண்டாம், மருந்தும் பாதியளவு. மிச்சம் எல்லாம் பிழைத்தன. இப்போது புது மீன் எது வந்தாலும் இருபது லிட்டர் வாளியில் இரண்டு வாரம் இருந்துவிட்டுத்தான் உள்ளே போகிறது.

இரண்டாவது, பேச்சு. தொட்டாற்சுருங்கி மனசுக்காரர்கள் போகாதீர்கள். ஊசியால் சாயம் ஏற்றிய கண்ணாடி மீன் கேட்டு வந்த ஒருவரை அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வாஸ்துவுக்கு என்று ஃப்ளவர்ஹார்ன் கேட்டவரிடம், “அது தனியா ஒரு வீட்டுல இருக்கற ஜமீன்தாரு, உங்க கப்பியோட போட்டா வாஸ்து கப்பிக்குத்தான் சரியில்ல” என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது, சரக்கு குறைவு. செடி வகை நாலைந்துதான். கடல்மீன் தொட்டிக்காரர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை. மருந்தைச் சின்ன பாட்டிலில் பிரித்துக் கொடுக்கிறார், மேலே பெயரும் தேதியும் ஒட்டுவதில்லை. நான் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

ஃபெஞ்சல் புயலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2024 நவம்பர் 30 ராத்திரி அது புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. வண்டி ஓடவில்லை. எங்கள் தெருவில் ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. அதற்கு முந்தின வாரமே அக்கா என் கையில் டார்ச் பேட்டரி போட்டு ஓட்டுகிற காற்றுப் பம்ப் ஒன்றைத் திணித்திருந்தார், 350 ரூபாய். விற்கப் பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். கரண்ட் போனதும் தீனியை நிறுத்து, மூன்று நாள் தின்னாவிட்டால் செத்துவிடாது, தின்றால் தண்ணீர் கெட்டுச் சாகும் என்றும் சொல்லியிருந்தார். காற்று நின்றால் மீன் மட்டுமில்லை, பஞ்சில் இருக்கிற நுண்ணுயிரும் திணறும். பேட்டரி தீர்ந்த பிறகு நானும் மகளும் முறைபோட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஆற்றி ஆற்றி விட்டோம், டீ ஆற்றுகிற மாதிரி. ஒன்றுகூடச் சாகவில்லை. பழைய பதினாறு பேர் உள்ளே இருந்திருந்தால் விடிவதற்குள் மொத்தமும் மிதந்திருக்கும். கூட்டம் குறைவு என்பதால்தான் அந்தச் சொம்புக் காற்று போதுமாக இருந்தது. அதற்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து ஊர் ஓரமெல்லாம் தண்ணீர் நின்றபோது கடை ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று போனேன். “எத்தன போச்சு?” என்றுதான் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பதிலே சொல்லாமல் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

போன மாதம் மகள் ‘லாப்ஸ்டர்’ வேண்டும் என்று அடம்பிடித்தாள். நீலநிறத்தில் இடுக்கியோடு இருக்கும் அந்த நன்னீர் இறால் வகை. தானே போய்க் கேட்டாள், நான் பேசவில்லை.

“உன் தொட்டில என்னம்மா இருக்கு?”

“பிளாட்டி ஏழு, குஞ்சு சேத்து. கோரி ஆறு.”

“கோரி ராத்திரி எங்க படுக்கும்?”

“அடியில.”

“லாப்ஸ்டர் ராத்திரி எங்க நடக்கும்?”

மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நத்தை குடுங்க பெரியம்மா” என்றாள். பதினைந்து ரூபாய்க்கு ஒரு மஞ்சள் நத்தை வந்தது. அதற்கு முன்னால் செம்பு கலந்த மருந்து எதுவும் தொட்டியில் போட்டோமா என்று கேட்டுக்கொண்டார். செம்பு பட்டால் நத்தையும் இறாலும் செத்துவிடுமாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அரை மதிப்பெண் வெள்ளைப்புள்ளிக்கு, அரை அந்தப் பேச்சுக்கு. காலை பத்திலிருந்து ஒன்று, மாலை ஐந்திலிருந்து ஒன்பது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, சில நாள் புதன்கிழமையும் செவ்வாய் ஆகிவிடும். போகும்போது தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலும், உள்ளே இருப்பதை எண்ணி எழுதிய சீட்டும் கொண்டுபோனால் ஒரு திட்டு மிச்சம். போனில் பணம் அனுப்புவது அங்கே செல்லாது, ரொக்கம்தான். சில்லறையும் எடுத்துக்கொண்டு போங்கள். போன தடவை ஐந்நூறு ரூபாயை நீட்டியதற்கு, “கண்டக்டரே சில்லறை இல்லாம வந்தா எப்படிய்யா?” என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டுவிட்டார்.